கேள்வி நேரம்: கால்வாய் வெட்டிய கன்சல்

சென்ற இதழில், எகிப்தில் மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் பற்றி ஒரு துணுக்கு வந்ததில்லையா? அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னை முத்திரை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களாயிற்றே! இந்த வாரம் அவர்களுக்கே இடம்.

கே: சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸ் எங்கே எஞ்சினீயரிங் படித்தார்? (வாசகர், ராயபுரம்)

ப: படிக்கவே இல்லை. ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ் பிரெஞ்சு வெளியுறவுத் துறை உத்தியோகஸ்தர்; கன்சல், அதாவது வெளிநாட்டு ஊரில் தன் நாட்டவர் காரியங்களைக் கவனிக்கும் அதிகாரி. 1805 நவம்பரில் வெர்சாயில் பிறந்தார். அப்பா, பெரியப்பா எல்லோருக்கும் தூதரக வேலைதான். 1825-ல் லிஸ்பனில் பெரியப்பாவிடமே வேலை பழக ஆரம்பித்து, துனிஸ், அலெக்ஸாந்திரியா, கெய்ரோ, ராட்டர்டாம், மலாகா, பார்சலோனா என்று ஊர் ஊராக மாற்றல். கால்வாய்க்குத் திட்டம் போட்டவர்கள் வேறு எஞ்சினீயர்கள். இவர் அனுமதி வாங்கினார், பணம் திரட்டினார், எதிர்ப்பைச் சமாளித்தார்.

கே: கன்சல் என்பவருக்கு அப்படி என்னதான் வேலை? விருந்து சாப்பிடுவதா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

ப: விருந்தெல்லாம் தலைநகரில் உட்காரும் தூதருக்கு. துறைமுக ஊர் கன்சலுக்குக் கப்பல் காகிதம் பார்க்கவே பொழுது சரியாகிவிடும். கேப்டனுக்கும் மாலுமிக்கும் கூலித் தகராறு வந்தால் பஞ்சாயத்து. தன் நாட்டவர் யாராவது அங்கே இறந்தால் சாமான்களைப் பட்டியல் போட்டு முத்திரை வைப்பது. புறப்படும் கப்பலுக்கு ‘இந்த ஊரில் கொள்ளைநோய் இல்லை’ என்று சான்று தருவது. இந்தச் சான்றில் கோளாறு என்றால் அடுத்த துறைமுகத்தில் ஒருவரையும் இறங்க விடமாட்டார்கள்.

1832-ல் லெசெப்ஸே அப்படி மாட்டினார். அலெக்ஸாந்திரியாவில் கரை தெரிகிறது, இறங்க முடியவில்லை. பொழுதுபோகட்டும் என்று அங்கிருந்த மேலதிகாரி சில புத்தகங்களைக் கப்பலுக்கு அனுப்பினார். அதில் ஒன்று, நெப்போலியனுடன் எகிப்துக்கு வந்த எஞ்சினீயர் லெப்பேர் எழுதிய கால்வாய் அறிக்கை. விதை அங்கே விழுந்தது.

கே: செங்கடல் மத்தியதரைக் கடலைவிட உயரம் என்று படித்தேன். உண்மையா? (வாசகர், காசிமேடு)

ப: அந்த லெப்பேர் அறிக்கை சொன்னதுதான்; சுமார் 10 மீட்டர் உயரம் என்று. தப்பு. மட்டம் பார்ப்பது என்பது ஒரு கோலிலிருந்து அடுத்த கோலுக்கு அளவை ஏற்றிக்கொண்டே போகும் வேலை. ஒவ்வோர் இடத்திலும் விரற்கடை பிசகினாலும் நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டும்போது அது மலையாகக் குவிந்துவிடும். சண்டை நடக்கும் நாட்டில், பாதியில் நிறுத்தி நிறுத்தி அளந்தார்கள். 1847-ல் பூர்தலூ என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் நிதானமாக மறுபடி அளந்தபோது பெரிய வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் சூயஸில் மதகுப்பூட்டு (நீர்மட்டம் மாறும் இடத்தில் கப்பலை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) ஒன்றுகூட இல்லை.

கே: நல்ல வேலையை ஏன் விட்டார்? (வாசகர், கொருக்குப்பேட்டை)

ப: விட வைத்தார்கள். 1849-ல் ரோமில் குடியரசு அமைந்தது. போப் தப்பி ஓடியிருந்தார். பிரெஞ்சுப் படை ஊருக்கு வெளியே நிற்க, சமாதானம் பேச லெசெப்ஸை அனுப்பினார்கள். அவர் குடியரசின் தலைவர் மாத்ஸினி தரப்போடு மெய்யாகவே பேசி, மே 31 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்குள் பாரீஸில் தேர்தல் முடிந்து காற்று மாறியிருந்தது. ஒப்பந்தம் செல்லாது என்றார்கள், இவர்மேல் கண்டனம் வேறு. வயது 43. சொன்ன வேலையைச் செய்ததற்குத் தண்டனை என்பதே நம் கருத்து.

கே: பிறகு கால்வாய் அனுமதி எப்படிக் கிடைத்தது? (வாசகர், தண்டையார்பேட்டை)

ப: மக்ரோனியால் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எகிப்தை ஆண்ட முகமது அலியின் மகன் சயீத் குண்டுப் பையன். உடம்பு இளைக்க அப்பா பட்டினி போடுவார். அங்கே கன்சலாக இருந்த லெசெப்ஸ் வீட்டில் தட்டு நிறைய மக்ரோனி கிடைக்கும். 1854-ல் அதே சயீத் ஆட்சிக்கு வந்தார். லெசெப்ஸ் நவம்பர் 7 அன்று போய் இறங்கினார். 30-ம் தேதி அனுமதி கையில். கால்வாய் திறந்த நாளிலிருந்து 99 வருடம் அது லெசெப்ஸின் கம்பெனிக்கு. நிகர லாபத்தில் எகிப்துக்கு 15 சதவீதம். பங்கு ஒன்று 500 பிராங்க் வீதம் 4 லட்சம் பங்கு போட்டார். விற்காமல் தங்கியதை சயீத் தலையிலேயே கட்டினார்.

1859 ஏப்ரலில் வெட்டத் தொடங்கியவர்கள் எகிப்து விவசாயிகள். நம் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருமே, அதே கட்டாய ஊழியம்தான். அடுத்து வந்த இஸ்மாயில் அதை நிறுத்தினார். ஆள் போனதற்கும் நிலம் போனதற்கும் சேர்த்து எகிப்து கம்பெனிக்கு 8.4 கோடி பிராங்க் நஷ்டஈடு தரவேண்டும் என்று 1864-ல் தீர்ப்புச் சொன்னவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். அவர் மனைவி லெசெப்ஸுக்கு உறவு! பிறகு நீராவி ட்ரெட்ஜர்கள் (தூர்வாரும் இயந்திரங்கள்) வந்தன, வேலை ஓடியது. 1869 நவம்பர் 17 அன்று திறப்பு.

கே: அதனால் சென்னைக்கு என்ன பலன்? (வாசகி, எண்ணூர்)

ப: லண்டன் தூரம் வெகுவாகக் குறைந்தது, ஆனால் நீராவிக் கப்பலுக்கு மட்டும், செங்கடல் காற்றை நம்பிப் பாய்மரம் வர முடியாது. அன்று இங்கே துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் சனங்களும் சரக்கும் அலை தாண்டி வரவேண்டும். மணலில் மோதினாலும் தையல் நெகிழ்ந்து கொடுக்கும், பலகை உடையாது. துறைமுக வேலை 1870-களில் தொடங்கி, 1881 புயலில் அலைத்தடுப்புச் சுவர் உடைந்து, மறுபடி கட்டியது தனிக் கதை.

கே: அடுத்து பனாமாவில் கால்வாய் வெட்டப் போய் ஏன் தோற்றார்? (வாசகர், வியாசர்பாடி)

ப: அங்கேயும் பூட்டு இல்லாத, கடல்மட்டக் கால்வாய்தான் என்று பிடிவாதம் பிடித்தார். சூயஸ் மணல் அல்ல அது: குலேப்ராவில் வெட்ட வெட்ட மலை சரிந்தது, சாக்ரெஸ் ஆறு மழைக்குப் பொங்கியது. அதோடு மலேரியா, மஞ்சள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள், நாம் சமையல்கட்டு அலமாரிக்கு வைப்போமே, அதுபோல. கொசு அதிலேயே முட்டையிட்டது. கொசுதான் காரணம் என்று அன்று யாரும் ஏற்கவில்லை. இன்று மாநகராட்சி ஆட்கள் உங்கள் மாடித் தொட்டியைத் திறந்து பார்ப்பது இதற்குத்தான்; மூடி வையுங்கள். 1889-ல் கம்பெனி திவால். 1893-ல் மோசடி வழக்கில் 5 வருடச் சிறை விதித்தார்கள், மேல்முறையீட்டில் ரத்து. மறு வருடம் காலமானார்.

கே: எகிப்தில் அவர் சிலை இருக்கிறதா? (வாசகர், காலடிப்பேட்டை)

ப: போர்ட் சயீதில் இருந்தது. 1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அன்று வானொலியில் பேசும்போது ‘லெசெப்ஸ்’ என்ற பெயர் வந்ததும் கால்வாய் அலுவலகங்களுக்குள் நுழையவேண்டும் என்பது அவர் ஆட்களுக்கு ரகசிய உத்தரவு. காதில் விழாமல் போய்விடப்போகிறது என்று அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 99 வருடம் முடிய இன்னும் 12 வருடம் பாக்கி. அந்த டிசம்பரில் சிலையை வெடி வைத்துத் தள்ளினார்கள். பீடம் மட்டும் நின்றது.