இரண்டாவது முறையும் திறந்து பாருங்கள்

கேள்வி: பத்து வருடப் பழைய மேசைக் கணினி, விண்டோஸ் 10. வேர்டைச் சொடுக்கிவிட்டுப் போய்ப் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு வரலாம். புதிதாக வாங்கிவிடட்டுமா?

பதில்: பொறுங்கள். முதலில் கணினியை ரீஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேர்டைத் திறங்கள். மூடுங்கள். உடனே மறுபடியும் திறங்கள். முதல் முறை 50 வினாடி, அடுத்த முறை 5 வினாடி என்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். ஒருமுறை படித்த கோப்புகளை விண்டோஸ் ரேமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை டிஸ்க்கிடம் போக வேண்டிய வேலை அநேகமாக இல்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு இருக்கிறது. வேண்டிய இடத்துக்குப் படிக்கும் முனை நகர்ந்து, தட்டு சுற்றிவந்து சேர ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 12 மில்லி வினாடி ஆகும். ஒரு மென்பொருள் திறக்க இங்கொன்றும் அங்கொன்றுமாக 2000 துண்டுகளைப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 24 வினாடி அலைச்சலிலேயே போய்விடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி, சிப்பில் சேமிப்பது; அதில் சுழலும் தட்டே கிடையாது. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி வினாடி என்றாலும் மொத்தம் 0.2 வினாடிதான். உங்கள் கணினிக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போதும்.

கேள்வி: என் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்க இருப்பது பழைய சாட்டா 2. எஸ்எஸ்டி போட்டால் பாதி வேகம்தான் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: பெரிய கோப்பை நகலெடுக்கும்போது உண்மை. மென்பொருள் திறப்பதில் மிச்சமாவது அந்த அலைச்சல். அது சாட்டா 2-இலும் மிச்சமாகும். தயங்காமல் போடுங்கள்.

கேள்வி: உங்கள் சோதனையைச் செய்தேன். முதல் முறை 40 வினாடி, இரண்டாம் முறையும் 40. வேர்டும் எக்செலும் மட்டும்தான் இப்படி. குரோம் சட்டென்று திறக்கிறது.

பதில்: இது எனக்குப் பிடித்த வகைக் கோளாறு, காசு செலவாகாது. மற்றவை வேகமாகத் திறக்கின்றன என்றால் கணினி நன்றாகவே இருக்கிறது. வேர்ட் யாருக்கோ காத்திருக்கிறது. வீட்டில் முன்பு வைஃபை பிரிண்டர் ஒன்று இருந்து, அதை விற்றோ ஓரங்கட்டியோ விட்டீர்களா? பக்க அமைப்புக்காக வேர்ட் இயல்பு (டிஃபால்ட்) பிரிண்டரைத்தான் விசாரிக்கும். அது இல்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. அமைப்புகளில் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்பதை இயல்பு பிரிண்டராக்குங்கள். அதற்கு முன், இயல்பு பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கும் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றியது நிலைக்காது. அப்படியும் சரியாகவில்லையா? கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறங்கள். சேஃப் மோடில் திறக்கட்டுமா என்று கேட்கும். அதில் வேகமாகத் திறந்தால், வேர்டோடு ஒட்டிக்கொண்டு இயங்கும் ஏதோ ஒரு துணை மென்பொருள் (ஆட்-இன்) தொல்லை கொடுக்கிறது. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலேயே டிடிபி (அச்சுக்கான பக்க வடிவமைப்பு) வேலை செய்கிறேன். 1800 தமிழ் எழுத்துருக்கள் நிறுவியிருக்கிறேன். பக்க வடிவமைப்பு மென்பொருள் திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது.

பதில்: கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. இத்தகைய மென்பொருள்கள் திறக்கும்போது எழுத்துருப் பட்டியலைத் தயாரிக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துருக்களை, வாடிக்கையாளர் என்றைக்காவது பழைய கோப்போடு வருவார் என்று எல்லோரும் சேர்த்து வைத்திருக்கிறோம், நானும்தான். வேறொரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, தேவைப்படும் நாளில் நிறுவுங்கள். அன்றாடத்துக்கு ஐம்பது தாராளம்.

கேள்வி: யாரோ சொன்னார்கள் என்று பிரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்தேன். ரெஜிஸ்ட்ரி கிளீனரும் ஓட்டினேன். இன்னும் மெதுவாகிவிட்டது!

பதில்: எந்த மென்பொருள் திறக்கும்போது எந்தெந்தக் கோப்புகள் தேவை என்ற குறிப்புகள் அந்த ஃபோல்டரில் இருக்கின்றன, 2001-இல் வந்த எக்ஸ்பி முதல் இந்த ஏற்பாடு உண்டு. குறிப்பேட்டைக் கிழித்துவிட்டீர்கள். கவலை வேண்டாம், நீங்கள் பயன்படுத்தப் பயன்படுத்த விண்டோஸே மீண்டும் எழுதிக்கொள்ளும். கிளீனரை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எதுவும் திறக்காதபோதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம். சில நேரம் ‘டிக், டிக்’ என்ற சத்தம்.

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்கில் பிரதியெடுங்கள். முழு ஸ்கேன், சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் எதுவும் வேண்டாம். சாகக் கிடப்பதை ஓடவிடுவது போல் ஆகும். என் அக்கா வீட்டில் இதே சத்தம் கேட்டபோது ‘ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்’ என்றேன். வியாழக்கிழமை டிஸ்க் போய்விட்டது, மருமகளின் காதுகுத்துப் படங்களோடு. பிரதியெடுத்த பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ (சரியாகப் படிக்க முடியாத பகுதிகள்) எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதே. இதில் செலவு செய்வது வீண் அல்லவா?

பதில்: எஸ்எஸ்டி வீணாகாது, புதிய கணினிக்கும் கழற்றி மாற்றலாம். உங்கள் கணினியில் இருக்கக்கூடிய பழைய வகை டிடிஆர்3 ரேம் அப்படியல்ல, புதியதில் பொருந்தாது. அதில் கை வைக்க யோசியுங்கள். இணையமும் கடிதமும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, உங்கள் பிரிண்டரும் வைஃபையும் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். பென் டிரைவில் எல்லாமே மெதுவாகத்தான் திறக்கும், அதை வைத்துத் தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.