தத்துவத் துறையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் தத்துவம் நடத்தியிருக்கிறேன். நடுவில் இரண்டு முறை வேறு பல்கலைக்கழகங்களுக்கு வருகைதரு பேராசிரியராகவும் போய் வந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: என் ஆய்வு அறவியலில். சேர்ந்ததும் முதலாண்டு தர்க்கவியலை என் தலையில் கட்டிவிட்டார்கள். மறுக்கலாமா?

மறுக்க வேண்டாம். புதிதாக வருபவரிடம் தர்க்கவியலைத் தள்ளிவிடுவது பழைய பழக்கம்தான், எனக்கும் அதுதான் கிடைத்தது. முதல் நாள் பலகையில் இதை எழுதிப் பாருங்கள்: "மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது." சரி என்பவர்கள் கை தூக்கட்டும். என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே போனது. பின் வரிசையில் ஒரு பெண் மட்டும், "குழாய் உடைஞ்சிருந்தா?" என்றார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. உண்மை அட்டவணை (ஒரு கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் கட்டம்) எல்லாம் அப்புறம் வரட்டும். உதாரணங்களைக் கருணைக்கொலை, தண்டனை என்று உங்கள் பக்கத்திலிருந்தே எடுங்கள், அறவியலையும் சேர்த்து நடத்திய மாதிரி ஆகும்.

கேள்வி: ஒரு பருவத்துக்கு மட்டும் வருகைதரு பேராசிரியராகப் போகிறேன். பாதியில் நிற்கும் புத்தகத்தை அங்கே முடித்துவிடலாமா?

புத்தகத்தை எங்கே உட்கார்ந்தும் முடிக்கலாம். அந்தத் துறையில் இருக்கும் ஆட்கள்தான் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள். நான் முதல் முறை போனபோது கட்டுரையை மெருகேற்றிக்கொண்டே இருந்து, கடைசி வாரத்தில்தான் துறைக் கருத்தரங்கில் வாசித்தேன். என் மைய வாதத்தையே ஆட்டிவிடும் ஒரு மறுப்பு அன்றைக்கு வந்தது. அதைச் சொன்னவரோடு உட்கார்ந்து பேச நாள் இல்லை, பெட்டி கட்டியாகிவிட்டது. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் மாதமே வாசித்துவிடுங்கள்.

கேள்வி: என் விருப்பப் பாடம், துறையின் நட்சத்திரப் பேராசிரியர் வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் விழுந்திருக்கிறது.

உடனே மாற்றிக் கேளுங்கள். 1820-இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஷோப்பன்ஹவர் என்ற இளம் தத்துவஞானி, அப்போது பெரும் புகழோடு இருந்த தத்துவஞானி ஹெகல் பாடம் நடத்தும் அதே நேரத்தை வேண்டுமென்றே கேட்டு வாங்கினார். ஹெகல் பக்கம் கூட்டம், இவரிடம் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்களுக்கு இது தானாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: வகுப்புக் கணக்கில் சம்பளம், ஒப்பந்தம் ஒரு வருடம். எதைக் கவனிக்க வேண்டும்?

"கான்ட்டும் இப்படித்தான் இருந்தார்" என்று யாராவது தேற்றுவார்கள். உண்மைதான். அந்த ஜெர்மன் தத்துவஞானி 1755 முதல் 1770 வரை மாணவர்கள் தரும் கட்டணத்தை நம்பித்தான் பாடம் நடத்தினார், பேராசிரியர் பதவி வரும்போது வயது 45. ஆனால் அதைக் காட்டி உங்கள் சம்பளத்தைக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை. எத்தனை வகுப்பு, விடைத்தாள் திருத்துவதற்குத் தனியாகப் பணம் உண்டா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் நூலகத்தைப் பயன்படுத்தலாமா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். நூலகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டுரையின் கடைசித் திருத்தம் வரும்போது இணைய இதழ்கள் திறக்காது, அப்போதுதான் உறைக்கும்.

கேள்வி: வருகைதரு ஆசிரியர் முனைவர் பட்ட மாணவரை எடுத்துக்கொள்ளலாமா?

விதி அனுமதித்தாலும் முதன்மை நெறியாளராக வேண்டாம். நீங்கள் கிளம்பிய பிறகு அந்தப் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். இணை நெறியாளராக இருங்கள், ஓர் அத்தியாயத்தை நன்றாகப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுங்கள், போதும்.

கேள்வி: பகுப்பாய்வுத் தத்துவம் ஒரு கோஷ்டி, ஐரோப்பியக் கண்டத் தத்துவம் இன்னொரு கோஷ்டி என்று துறை பிரிந்திருக்கிறது. யார் பக்கம் நிற்பது?

இரண்டு பக்கத்து வாசிப்புக் குழுவுக்கும் போங்கள். சண்டை உங்களுக்கு முந்தையது.

கேள்வி: முதல் துறைக் கூட்டத்தில் பேசலாமா?

தாராளமாக. "நான் முன்பு இருந்த இடத்தில்..." என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.