ஆப்பசோடாத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போகாது

வேளச்சேரி நண்பருக்கு, மூச்சுக்குழாயில் அமிலம் கூடினால் ஆஸ்துமா மோசமாகும் என்று படித்துவிட்டு, அம்மாவின் இன்ஹேலரைக் குறைத்து ஆப்பசோடாத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், வெளிவிடும் மூச்சைக் குளிரவைத்துத் திரட்டிய நீரைச் சோதித்தபோது ஆரோக்கியமானவர்களுக்கு பிஹெச் (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.7 அளவிலும், ஆஸ்துமா முற்றி வந்தவர்களுக்கு 5.2 அளவிலும் இருந்தது. ஓரளவு அமிலமான சூழலில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் சீக்கிரம் சாவதில்லை. ஜிபிஆர்65 என்ற ஏற்பி (அணுவின் மேலுள்ள உணர்வுப் புரதம்) வழியாக அமிலத்தை உணர்ந்து ஆயுளை நீட்டிக்கொள்கின்றன என்று எலிகளின் அணுக்களில் பார்த்திருக்கிறார்கள். வேலை முடிந்தும் கிளம்பாத அணுக்கள், வீக்கமும் சளியும் தீராமல் நீள்வதற்கு ஒரு காரணம்.

ஆனால் அந்த அமிலம் பெரும்பாலும் அங்கேயே, அழற்சியால் உண்டாவது. குடிக்கிற சோடா வயிற்று அமிலத்தைத் தணிக்கும், மூச்சுக்குழாய் அழற்சியைத் தணிக்காது. உங்கள் அம்மாவுக்கு பிரஷர் இருந்தால் அந்த உப்பு வேறு கெடுதல். அதே ஆய்வில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்ததும் பிஹெச் சரியானது, தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பதும் அந்த வகை மருந்துதான்.

என் அம்மாவும் பெரம்பூரில் 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று இன்ஹேலரை நிறுத்திவிட்டார், போகிப் புகையன்று கட்டில் விளிம்பில் முழங்காலில் கையூன்றி, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். நெஞ்செரிச்சல் இருந்தால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள், அப்புறம் அம்மா இன்ஹேலர் இழுப்பதையும் அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.