பெயர் கொடுத்தவர்களும் பெற்றெடுத்தவர்களும்

கேள்வி: ஜமைக்காவில் கேம்பெல், கோர்டன், கிராண்ட் முதலிய ஸ்காட்லாந்துக் குடிப்பெயர்கள் ஏராளம். ஆங்கிலேயரால் ஒடுக்கப்பட்டு நாடு கடத்தப்பட்ட ஸ்காட்லாந்தியர், தீவுகளின் கறுப்பின மக்களோடு இணைந்து வாழ்ந்ததற்கு அழகிய சான்றல்லவா இது?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: இல்லை. 1651-இல் வூஸ்டர் போரில் ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படையிடம் சிறைப்பட்ட ஸ்காட்லாந்தியரில் ஒரு பகுதியினர் பார்படோஸ் தீவுக்குக் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டது உண்மைதான். ஆனால் ஜமைக்காவில் நீங்கள் காணும் பெயர்கள் பெரும்பாலும் அந்தக் கைதிகள் விட்டுச் சென்றவை அல்ல. பனாமாக் கரையில் ஸ்காட்லாந்து நிறுவ முயன்று தோற்ற டேரியன் குடியேற்றத்தில் உயிர் தப்பிய கர்னல் ஜான் கேம்பெல் 1700-இல் ஜமைக்காவின் பிளாக் ரிவர் பகுதியில் குடியேறினார். 1707-இல் இங்கிலாந்தோடு ஏற்பட்ட ஒன்றிணைப்பு அந்நாட்டின் குடியேற்றங்களை ஸ்காட்லாந்தியருக்கு முழுமையாகத் திறந்துவிட்ட பிறகு, தோட்ட உரிமையாளர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் கணக்கர்களாகவும் மருத்துவர்களாகவும் பலர் கப்பலேறினார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்கூட 1786-இல் ஜமைக்காத் தோட்டமொன்றில் கணக்கர் வேலைக்குப் புறப்படவிருந்தார். அவருடைய கவிதைத் தொகுப்புக்குக் கிடைத்த வரவேற்புதான் அவரை ஊரிலேயே நிறுத்தியது.

ஒடுக்கப்பட்டவர் பிறரை ஒடுக்கமாட்டார் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. வெடர்பர்ன் குடும்பத்தின் கதை அதை மறுக்கிறது. 1746 கல்லோடன் போரில் அரசனுக்கு எதிராகப் போரிட்டதற்காகத் தந்தை தூக்கிலிடப்பட, ஜமைக்காவுக்குத் தப்பியோடிய மகன் ஜான் வெடர்பர்ன் அங்கே அடிமைகளின் உழைப்பால் சர்க்கரைத் தோட்டச் செல்வந்தரானார். அவருடைய தம்பி ஜேம்ஸ், தமக்கு அடிமையாக இருந்த ரோசன்னா என்ற பெண்ணை, அவள் தம்மால் கருவுற்ற நிலையிலேயே விற்றார். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அங்கிருந்த சட்டம். தந்தை எந்தக் குலத்தவர் என்பது கணக்கில் வராது. பிறக்கும் குழந்தைக்கு விடுதலை என்ற நிபந்தனை அந்த விற்பனையில் இருந்ததால் 1762-இல் பிறந்த ராபர்ட் வெடர்பர்ன் தப்பினார். வளர்ந்தபின் ஸ்காட்லாந்தின் இன்வரெஸ்க்கில் தந்தையைத் தேடிப் போனபோது, தம்மை மகனென ஏற்காமல் அவர் விரட்டியதை ராபர்ட்டே 1824-இல் எழுதி வெளியிட்டார். மறுக்கும் உரிமையே இல்லாத பெண்ணிடம் பிறந்த இந்த உறவை ‘இணைந்து வாழ்ந்தது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாப் பெயர்களும் இரத்த உறவால் வந்தவையும் அல்ல. உரிமையாளரின் பெயரே அடிமைக்கும் ஒட்டிக்கொண்டது உண்டு. தென் அமெரிக்காவில் இன்றைய கயானாவிலுள்ள டெமராராவில் அடிமையாக இருந்து, பின் எடின்பரோவில் இளம் டார்வினுக்குப் இறந்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்யக் கற்பித்த ஜான் எட்மன்ஸ்டனின் குடிப்பெயர், அவரை உடைமையாக வைத்திருந்த ஸ்காட்லாந்தியருடையது.

அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1833-இல் ஒதுக்கிய 2 கோடி பவுண்டும் உரிமையாளர்களுக்கே போயிற்று. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் பிறந்த ஜான் கிளாட்ஸ்டன் அதில் 1 லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றார். 1838-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல்கள் டெமராராவுக்குச் சென்றதும் அவருடைய முயற்சியால்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

பெருமை கொள்ள அம்மக்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 1805-இல் கிங்ஸ்டனில் பிறந்து கிரிமியப் போரில் வீரர்களைப் பேணிய மேரி சீகோல், படைவீரரான தம் தந்தையின் ஸ்காட்லாந்து இரத்தத்தைப் பெருமையோடு குறிப்பிட்டார். மருத்துவத்தைக் கற்றதோ தாயிடம். டெமராராவில் ஹன்னா ரோஸ் என்ற பெண்ணுக்கும் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன், 1881-இல் ஸ்காட்லாந்துக் கால்பந்து அணிக்குத் தலைமை ஏற்று இங்கிலாந்தை 6–1 என வென்றார். அந்தப் பெருமை அவர்களே ஈட்டியது. அதை அவர்களுடைய தந்தையரின் நாட்டுக்கு நற்சான்றாக மாற்ற நமக்கு உரிமை இல்லை. கேம்பெல், கோர்டன் என்று நீங்கள் எண்ணிய பெயர்கள் தந்தை வழியிலோ உரிமையாளர் வழியிலோ வந்தவை; தாயின் வழியில் வந்தவை அல்ல. ரோசன்னாவின் பெயரை நாம் இன்று அறிவது, அவள் மகன் அதை எழுதி வைத்ததால்.