குலைநோயா, வேறு நோயா? பூஞ்சை பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மேலூர்): சம்பா நெல் இலையில் கண் மாதிரி புள்ளி விழுகிறது. குலைநோய்தானா ஐயா?

இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு என்றால் பெரும்பாலும் குலைநோய்தான். எள் அளவில் நீள்வட்டமாக இருந்தால் செம்புள்ளி நோய். சந்தேகம் இருந்தால் அந்த இலையை ஈரத்தாள் விரித்த டப்பாவில் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் புள்ளி நடுவே சாம்பல் பூத்திருக்கும். அதன்மேல் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். பூஞ்சையின் வித்து (ஸ்போர்) பேரிக்காய் வடிவம், இரண்டு குறுக்குச்சுவர், மூன்று அறை என்றால் பைரிகுலேரியா, அதாவது குலைநோய்ப் பூஞ்சை. செம்புள்ளி வித்து நீண்டு, வளைந்து, பழுப்பாக, பல அறைகளோடு இருக்கும்.

கேள்வி (வாடிப்பட்டி): கதிர் வெளுத்துப் போச்சு. என்ன மருந்து?

முதலில் கதிரை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான் புழு. பூஞ்சை மருந்து வீண்செலவு. வராமல், கழுத்தில் கருத்த வளையம் இருந்தால் கழுத்துக் குலைநோய். வெளுத்த கதிரை எந்த மருந்தும் திருப்பித் தராது. ட்ரைசைக்ளசோல் என்ற பூஞ்சை மருந்தை முன்கூட்டித் தெளித்தால்தான் காக்கும். பூஞ்சை இலையைத் துளைக்க உதவும் கருப்பு நிறமியை அது தடுக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: மஞ்சளாகவும் இருக்கிறது, யூரியா போடட்டுமா?

வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் கூடும்.

கேள்வி (ஒத்தக்கடை மாணவர்): குலைநோய்ப் பூஞ்சையின் பெயர் ஒரு நோட்டில் மேக்னபோர்த்தே கிரிசியா, இன்னொன்றில் மேக்னபோர்த்தே ஒரைசே. எது சரி சார்?

நல்ல கேள்வி. முன்பு எல்லாவற்றையும் கிரிசியா என்றே எழுதினார்கள். 2002-ல் கவுச், கோன் என்ற ஆய்வாளர்கள் ஆக்டின், பீட்டா-டியூபுலின், கால்மோடுலின் மரபணுக்களை ஒப்பிட்டு இரண்டாகப் பிரித்தார்கள். டிஜிடேரியா புல்லைத் தாக்குவது கிரிசியா. நெல், கேழ்வரகு, கோதுமையைத் தாக்குவது ஒரைசே. வித்தின் வடிவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அப்புறம், ஒரே பூஞ்சைக்குப் பாலினப் பருவத்தில் மேக்னபோர்த்தே, வித்துப் பருவத்தில் பைரிகுலேரியா என்று இரண்டு பெயர் வைக்கும் வழக்கத்தை 2011-ல் மெல்பர்னில் நடந்த சர்வதேச தாவரவியல் மாநாடு கைவிட்டது. அதனால் இப்போது பைரிகுலேரியா ஒரைசே என்று எழுதுங்கள். கம்புக்கு மட்டும் அவசரப்பட்டு இந்தப் பெயரை ஒட்டாதீர்கள்; அங்கே வேறு இனங்களும் பதிவாகியுள்ளன.

கேள்வி (உசிலம்பட்டி): பக்கத்து நெல் வயலில் இருந்துதான் என் கேழ்வரகுக்கு நோய் வந்தது. கண்ணால் பார்த்தேன்.

நோயைப் பார்த்தீர்கள், அது வந்த வழியைப் பார்க்கவில்லை. இனம் ஒன்றுதான், ஆனால் நெல்லில் வாழ்வதும் கேழ்வரகில் வாழ்வதும் வேறுவேறு பரம்பரை. பொதுவாக ஒன்று மற்றதன் பயிரில் நோய் உண்டாக்காது.

அவரே மறுபடி: அப்படியானால் இரண்டும் ஒரே வாரத்தில் ஏன் கருகியது?

ஒரே பனி, ஒரே குளிர்ந்த ராத்திரி. இலை வெகுநேரம் ஈரமாக இருந்தால் இரண்டும் தனித்தனியே கிளம்பும். உங்கள் விதையையும் வரப்புப் புல்லையும் பாருங்கள்.

வேறொருவர்: தாவாது என்று அடித்துச் சொல்ல முடியுமா அண்ணே? கோதுமையில் வந்ததே!

சரி, அது நியாயமான மடக்கு. கோதுமைக் குலைநோய் 1985-ல் பிரேசிலின் பரனாவில் முதலில் தென்பட்டது. 2016-ல் வங்கதேசம் வந்தது. தாவவே தாவாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கதேசத்தில் கோதுமையை அழித்தது அங்கிருந்த நெல் பூஞ்சை இல்லை. தென்னமெரிக்கக் கோதுமைப் பரம்பரை என்று மரபணுத் தொகுதி காட்டியது. சுற்றிலும் நெல் இருந்தும் அப்படி! உசிலம்பட்டி அண்ணனுக்கும் இதுவே பதில்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன், இனப்பெயர் சொல்லுங்கள்.

மேலே மாணவருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். படத்தில் நோயைத்தான் ஊகிக்கலாம், இனத்தை அல்ல.

கேள்வி: தென்னையில் வெள்ளை ஈ...

என் துறை இல்லை. அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: இந்தப் படம் தெளிவாக இருக்கிறது ஐயா, இப்போதாவது இனம்?

இல்லை!

கேள்வி (மாணவர்): இனம் கண்டுபிடிக்க ஐடிஎஸ் (பூஞ்சைகளை அடையாளம் காணப் படிக்கும் டிஎன்ஏ துண்டு) வரிசை மட்டும் போதுமா சார்?

போதாது. ஆக்டினும் கால்மோடுலினும் சேருங்கள். அதற்கு முன் ஒற்றை வித்தில் இருந்து வளர்ப்பை எடுங்கள். எந்தப் பயிர், எந்தப் பகுதி, எந்த ஊர் என்று வளர்ப்புத் தட்டின் மூடியில் அல்ல, அடியில் எழுதுங்கள். மூடி மாறிப்போகும்.