பிரென்ட் ஹேடன் திரும்பி வந்தது தேவையா? - கடிதம்

வணக்கம்,

கனடா நீச்சல் வீரர் பிரென்ட் ஹேடன் பற்றி எழுதியிருந்தீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி கௌரவமாக விடைபெற்றவர், 37 வயதில் டோக்கியோவுக்கு வந்து மெடல் இல்லாமல் திரும்பினார். அது தேவையா? என் மகளும் 50 மீட்டர் நீந்துகிறாள், அதனால் கேட்கிறேன்.

- ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தேவைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

2007 மெல்போர்ன் உலகப் போட்டியில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஹேடனும் இத்தாலியின் ஃபிலிப்போ மக்னினியும் சரியாக 48.43 வினாடியில் சுவரைத் தொட்டார்கள், தங்கம் இருவருக்கும். அடுத்த வருடமே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அந்த உலக சாம்பியன் இறுதிப் போட்டிக்குக்கூட வரவில்லை. நூறில் சில பங்கு வினாடிகளில் எல்லாமே தலைகீழாகும் போட்டி இது. லண்டனில் அதே 100 மீட்டரில் வெண்கலம் வாங்கியபோதும் அவர் நேரம் 47.80 வினாடி, நான்காவதாக வந்த பிரான்ஸின் யானிக் அன்யெல் 47.84. அந்த இடைவெளி இல்லையென்றால் நீங்கள் சொல்லும் கௌரவமான விடைபெறலே இல்லை.

ஆனால் உண்மையில் அவர் விடைபெற்றது முதுகு வலியோடு, நீச்சலே வெறுத்துப்போன மனதோடு. ஒலிம்பிக் மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இத்தனை வருடம் செய்த வேலையை வெறுத்துக்கொண்டே ஒருவர் வீட்டுக்குப் போகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய சோகம்! எனக்கு அவர் கதையில் லண்டனைவிட 2019 முக்கியம், அப்போதுதான் திரும்பி வருகிறேன் என்று அறிவித்தார்.

சரி, சும்மா வந்து முகம் காட்டினாரா? 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 26, நேரம் 22.01. 2021-ல் டோக்கியோவுக்கான டொராண்டோ தகுதிப் போட்டியில், 37 வயதில், அதே 50 மீட்டரில் 21.82. வெடித்துக் கிளம்பும் வேகம்தான் வயதோடு முதலில் போகும் என்பார்கள், அதை வைத்தே நடக்கிற போட்டியில் இந்த நேரம்! அப்புறம் டோக்கியோவில், நான்கு பேர் தலா 100 மீட்டர் நீந்தும் 4x100 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் கனடாவுக்கு நான்காவது இடம். அந்த அணியில் அவரோடு நீந்திய ஜாஷ் லியெண்டோவுக்கு அப்போது 18 வயது, 2024 பாரிஸில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் வெள்ளி வாங்கியவர் அவர்தான். வெறுங்கை என்று இதை எப்படிச் சொல்வது?

மகளிடம் நேரத்தைக் கேளுங்கள், தப்பில்லை. கூடவே, காலையில் குளத்துக்குப் போகப் பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள். முதுகு வலிக்கிறது என்றால் அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே கோச்சிடம் பேசுங்கள்.