ஊர் ஊராகப் போகும் குழந்தைகள் கண்காட்சியைச் சூழலுக்குக் கேடில்லாமல் செய்வது எப்படி?

"மூங்கில், பழைய பாட்டில், அட்டைப்பெட்டி வைத்துச் செய்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி ஆண்டு விழாவுக்குப் போதும். லாரியில் ஏறி இறங்கும் கண்காட்சிக்குப் போதாது. சில ஊர் தாண்டுவதற்குள் பாட்டில் நசுங்கும், அட்டை ஈரத்தில் ஊறும், மொத்தமும் குப்பைக்குப் போகும், திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டிவரும். பல முறை கழற்றி மாட்டினாலும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். எதில் செய்வது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மூங்கில் பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், மூங்கிலுக்கும் வருகிறேன்.

பலகைக்கு எம்டிஎஃப் வாங்கச் சொல்வார்கள், மர நாரைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அது. விலை குறைவு, வெட்டுவது சுலபம். ஆனால் அதன் யூரியா பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற கெட்ட வாயு வந்துகொண்டே இருக்கும். அதைவிட மோசம், விளிம்பில் போட்ட ஸ்க்ரூவை நாலைந்து தடவை கழற்றினால் ஓட்டை பொடிந்துவிடும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். ஃபீனால் பசை என்பதால் வாடை மிகக் குறைவு, ஈரமும் தாங்கும். 18 எம்எம், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல் வரும். அதனால் அடிப்பகுதிக்கு மட்டும் 18, சுவர்களுக்கு ரீப்பர் சட்டம் அடித்து 12 போதும். எடை குறைந்தால் ஒவ்வொரு பயணத்திலும் டீசல் மிச்சம்.

கட்டை மரம் வேண்டுமென்றால் ரப்பர் மரம் நல்லது. பால் வற்றியதும் எப்படியும் வெட்டுகிற மரம்தான், கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் கிடைக்கும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றி உலர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் துளைப்பூச்சி வைத்து மாவு கொட்டும். மூங்கிலுக்கும் இதே கதை. தவிர, ஒவ்வொரு கழியும் ஒரு பருமன் என்பதால் மூட்டு சீக்கிரம் ஆடும். அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாரம் ஏற்றாதீர்கள்.

ஃபெவிகாலும் ஆணியும் வேண்டாம். கட்டில் சட்டத்தில் செய்வதுபோல, குறுக்கே உருளை நட் வைத்து எம்8 (8 எம்எம்) போல்ட் முடுக்குங்கள். மொத்தக் கண்காட்சிக்கும் ஒரே அளவு போல்ட், அதை முடுக்க ஒரே ஆலன் கீ (அறுகோணச் சாவி). இரண்டு அளவு வைத்தால், போகிற ஊரில் யாராவது சுத்தியலை எடுப்பார்கள்.

பிளைவுட் மேல் மைக்கா ஒட்டினால் பிற்பாடு இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்குப் பதில் தண்ணீர் கலந்து வரும் பியூ (பாலியூரிதேன்) வார்னிஷ் மூன்று பூச்சு, இடையில் 220 நம்பர் உப்புத்தாள். அரக்கு பாலிஷ் அழகுதான், சன்னபட்னா பொம்மைகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் சானிடைசர் போட்ட பிஞ்சுக் கை பட்டால் பிசுபிசுக்கும், ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 முதல் உண்டு. அது வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும் மட்டும்தான். பட்டறையில் மிச்சம் கிடக்கும் இயந்திரப் பெயின்ட்டைத் தொடாதீர்கள்.

சுழற்றும் கைப்பிடிதான் முதலில் உடையும். குழந்தைகள் பெரியவர்கள்போல நிதானமாகச் சுற்ற மாட்டார்கள். இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கம் இழுப்பார்கள், ஒருவன் அதில் தொங்குவான். பல்சக்கரம் வைத்தால் பல் போகும். பெல்ட்டும் கப்பியும் வைத்தால் அதிக விசையில் பெல்ட் வழுக்கிக்கொடுக்கும், எதுவும் உடையாது. பேரிங் 6202 போடுங்கள். சீலிங் ஃபேனுக்குப் போடுகிற பேரிங்தான், எந்த டவுனிலும் கிடைக்கும். வெளிநாட்டு உதிரிபாகம் போட்டால், அது போன அன்றே காட்சியும் போச்சு. அசையும் பாகங்களுக்கு நடுவில் இடைவெளி 5 எம்எம்முக்குக் கீழே, அல்லது 12 எம்எம்முக்கு மேலே. நடுவில் இருந்தால் விரல் மாட்டும். விளக்குக்கு 24 வோல்ட் எல்இடி போதும்.

பெட்டி தனி, காட்சி தனி என்று செய்யாதீர்கள். பெட்டியைத் திறந்து கவிழ்த்தால் அதுவே மேசைக்கு அடிப்பீடம் ஆகட்டும். அகலம் 80 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மூன்றடிக் கதவில் நுழையும். தெர்மாகோல் வேண்டாம், பழைய கம்பளியும் இறுக்கும் பெல்ட்டும் பல வருடம் வரும். வெளிநாடு போவதானால், மரத்தில் உள்ள பூச்சி சாக, கட்டை மரப் பெட்டியின் உள்மையம்வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்ததற்கான முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டுத் திறப்பு விழாவுக்கு இருபதடி பிளெக்ஸ் கட்டுவார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. பாலியெஸ்டர் வலைமேல் பிவிசி பூசியது பிளெக்ஸ், இரண்டையும் பிரிக்க முடியாததால் பழைய சாமான் கடையிலும் வாங்க மாட்டார்கள். 100 மைக்ரானுக்குக் கீழான பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் தடை, தடிமனானது தப்பித்துக்கொண்டது. குழந்தைகளின் காட்சியைவிடப் பிரமுகர்களின் படம் பெரிதாக இருக்கும். டெண்டரில் அதற்குப் பணம் உண்டு, பழுதுபார்க்க ஒரு ரூபாய் கிடையாது. குறைந்த விலை சொன்னவருக்கு வேலை என்றால் எம்டிஎஃப்தான் வரும், வேறென்ன வரும்? உங்கள் கையில் இருந்தால் பருத்தித் துணியில் தலைப்பை மட்டும் அச்சடியுங்கள். ஊரும் தேதியும் எழுத அடியில் ஒரு கரும்பலகைப் பட்டை விட்டால், அடுத்த ஊருக்கு அழித்து எழுதினால் போதும். விலைப்பட்டியல் போடும்போதே இரண்டு பெல்ட், நாலு பேரிங், இருபது போல்ட், ஒரு ஆலன் கீ சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.